நேட்ரம் மூர் மருந்தை நோயாளி வரலாறுகள் வழியாகப் படிப்பது எப்படி?

மூன்றாமாண்டு_மாணவி:

வணக்கம். ஹோமியோபதி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஆளுக்கு ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, அது கொடுக்கப்பட்ட நோயாளிகளின் வரலாறுகளைப் படித்து, புத்தகத்தில் இருக்கும் மருந்தின் படமும் (அதற்குரிய குறிகளின் தொகுப்பு) ஆட்களிடம் தெரியும் படமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். எனக்கு வந்தது நேட்ரம் மூர்.

மருந்துகளின் குறிகளைத் தொகுத்த நூலான மெட்டீரியா மெடிக்காவில் இருப்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூலப்பொருள் சாதாரண உப்பு. துக்கத்தை உள்ளுக்குள்ளேயே வைத்திருப்பவர், ஆறுதல் சொன்னால் இன்னும் மோசமாவார், தனியாக இருந்தால்தான் அழுவார். உப்பின் மேல் ஆசை, வெயில் ஆகாது, காலை பத்து மணிவாக்கில் ஏறும் தலைவலி, அதுவும் சின்னச் சின்னச் சுத்தியல்களால் அடிப்பதுபோல. கீழுதட்டின் நடுவில் வெடிப்பு, உதட்டோரம் கொப்புளம், நாக்கில் வரைபடம் போலத் திட்டுகள், திருடன் வருவதுபோலக் கனவு.

பயிற்சி மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து 11 வரலாறுகள் எடுத்திருக்கிறேன். எல்லாம் நேட்ரம் மூர் கொடுத்து நன்றாக ஆனவர்கள் என்று எழுதப்பட்டவை. படித்து முடித்தபின் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: பதினொன்றும் புத்தகத்தையே வேறு வேறு வயது போட்டு எழுதியதுபோல இருக்கின்றன. புதிதாக ஒன்றுமே கற்கவில்லை. ஆனால் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தால் இப்படி ஒரு ஆள் கூட வருவதில்லை, எல்லாரும் நாலு மருந்துக்குப் பொருந்துகிற மாதிரிதான் பேசுகிறார்கள்.

பதினொன்றில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாற்பது வயதுப் பெண்மணி, முதல் சந்திப்பிலேயே மருத்துவர் முன்னால் அழுதிருக்கிறார், அவர் ஆறுதலாகப் பேசியதும் மனம் லேசானது என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. என் கண்ணுக்கு அது, எளிதில் அழுது ஆறுதலில் தேறுபவர்களுக்கான பல்சட்டில்லா. ஆனால் கொடுத்தது நேட்ரம் மூர், குணமானதாகவும் பதிவு. இதைக் கட்டுரையில் சேர்ப்பதா விடுவதா?

எப்படிப் படிக்க வேண்டும், எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், இத்தனை வரலாறு போதும் என்று ஏதாவது கணக்கு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_குறிப்பேடு:

22 வருடமாகத் தொழில் செய்கிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் பதினொன்றும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று உறுத்தவேண்டிய இடத்தில் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. நிறையப் பேருக்கு அங்கேதான் நிம்மதி வரும்.

முதலில் செய்ய வேண்டியது, மருந்தின் பெயரை மறைத்துவிட்டுப் படிப்பது. ஒரு தோழியிடம் கோப்புகளைக் கொடுத்து, நேட்ரம் மூர் வரலாறுகளோடு செபியா, இக்னேஷியா, லைக்கோபோடியம், பல்சட்டில்லா கொடுத்தவர்களையும் கலந்து, மருந்து எழுதிய பக்கத்தை மடித்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு உங்களுக்குத் தோன்றும் மூன்று மருந்துகளையும் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதிவிட்டு அப்புறம் மடிப்பைப் பிரியுங்கள். விடை தெரிந்த பிறகு படித்தால் ஒவ்வொரு வரியும் விடையை நோக்கியே ஓடும். உப்பு என்று எங்காவது ஒரு சொல் இருந்தால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பக்கத்திலேயே மூன்று வரி வேறு கதை சொல்லியிருக்கும், அது தெரியாது.

இரண்டாவது, யாருடைய சொல் என்று பிரித்துப் பாருங்கள். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் எழுதிய ஆர்கனான் நூலில் 84ஆம் பத்தி நோயாளி சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்கிறது, 87ஆம் பத்தி ஆம் இல்லை என்று பதில் வரும்படியான கேள்வியைக் கேட்காதே என்கிறது. உங்கள் கோப்புகளில் "துக்கத்தை அடக்குபவர்" என்று இருந்தால் அது மருத்துவர் எழுதிய முடிவு. "அப்பா போனப்ப நான் எல்லார் முன்னாடியும் அழவே இல்ல, குளியலறைக்குள்ள போயி குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன்" என்று இருந்தால் அது நோயாளி தந்தது. இரண்டு வண்ணப் பேனா வைத்துக்கொண்டு பிரித்துக் கோடு போட்டுப் பாருங்கள், நோயாளியின் சொல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். உப்பும் அப்படித்தான். "உப்பு பிடிக்குமா?" என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். "சாப்பாட்டில் எது குறைந்தால் உங்களுக்கு உடனே தெரியும்?" என்று கேட்டு அவராக உப்பு என்று சொன்னால் அதன் எடை வேறு.

மூன்றாவது, பழைய வரலாறு ஒன்றை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ஹானிமன் தன் நோயாளிகளைப் பற்றி அச்சில் எழுதியது மிகக் குறைவு. ஆனால் தினமும் எழுதிய குறிப்பேடுகள் 1801 முதல் அவர் பாரிஸில் இறந்த 1843 வரை பெரும்பாலும் மிஞ்சியிருக்கின்றன, இன்று ஸ்டட்கார்ட்டில் ஒரு மருத்துவ வரலாற்று நிறுவனத்தில் பாதுகாக்கிறார்கள். அச்சில் வந்தவற்றில் 1815 செப்டம்பரில் பார்த்த சலவைத் தொழிலாளிப் பெண்ணின் வரலாறு பாடமாக வைக்கத் தகுந்தது. நாற்பது வயதுவாக்கில், நல்ல உடல்வாகு, மூன்று வாரமாக வேலைக்குப் போக முடியவில்லை. அசைந்தால், அதுவும் கால் தவறி வைத்தால், மேல்வயிற்றுக் குழியில் குத்துகிறது. படுத்தால் வலியே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் தூக்கம் இல்லை. சாப்பாடு ருசிக்கிறது, ஆனால் கொஞ்சம் சாப்பிட்டதும் குமட்டி வாயில் நீர் ஊறுகிறது. இப்படி வரிசையாக எழுதிவிட்டு ஒவ்வொரு குறிக்கும் எந்தெந்த மருந்து உண்டு, அது ஏன் இங்கே பொருந்தாது என்று தள்ளிக்கொண்டே வருகிறார். மேல்வயிற்றில் குத்தும் வலி பெல்லடோனாவிலும் உண்டு, சைனா என்ற மருந்திலும் உண்டு, ரஸ் டாக்ஸிலும் உண்டு, ஆனால் அசைந்தால் மட்டும் வருவது பிரையோனியாவில்தான் என்று வந்து நிற்கிறார். நாம் எழுதும் வரலாறுகளில் இந்தத் தள்ளும் பகுதியே இருப்பதில்லை. நேட்ரம் மூருக்குப் பொருந்தும் குறி எதுவென்று எழுதுகிறோம், ஏன் செபியா இல்லை, ஏன் சிலிசியா இல்லை என்று எழுதுவதில்லை. ஆறுதல் சொன்னால் மோசமாவது இந்த மூன்றுக்குமே உண்டு, இக்னேஷியாவுக்கும் உண்டு.

அதே வரலாற்றில் இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்புகிறார், அந்தப் பெண் வரவில்லை. குணமாகாது என்று நினைத்திருந்த நண்பர் ஒருவர் ஊர் தேடிப் போய்ப் பார்க்கிறார். மறுநாளே வேலைக்குப் போய்விட்டதால் திரும்பி வரவில்லை என்று அவள் சொல்கிறாள். தேடிப் போனதால்தான் அது தெரிந்தது. உங்கள் பயிற்சி மருத்துவமனையில் இரண்டாம் முறை வராதவர்களை யார் தேடிப் போனார்கள்?

அந்த அழுத பெண்மணியை விட்டுவிடாதீர்கள். பதினொன்றிலும் உங்களுக்கு வேலை கொடுப்பது அந்த ஒன்றுதான்.

தரவு_மேசை:

நான் நவீன மருத்துவம் படித்தவன், மருத்துவப் பரிசோதனைகளின் தரவைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஹோமியோபதி மருந்துகள் வேலை செய்கின்றன என்பதை நான் ஏற்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 30சி, அதாவது நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது, என்றால் 1-க்குப் பின்னால் 60 பூஜ்யங்கள் போட்ட அளவு நீர்ப்பு. 12சி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது. 2005இல் லேன்செட் இதழில் வந்த ஆய்வு 110 ஹோமியோபதிப் பரிசோதனைகளை அதே எண்ணிக்கையிலான நவீன மருத்துவப் பரிசோதனைகளோடு ஒப்பிட்டது. பெரிய, தரமான பரிசோதனைகளை மட்டும் எடுத்தபோது ஹோமியோபதியின் விளைவு மருந்துப்போலியோடு ஒத்துப்போனது. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று முடிவு சொன்னது. உங்களோடு இதைச் சண்டை போட வரவில்லை. கேள்வியில் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்கத்தான் எழுதுகிறேன்.

பதினொன்றும் ஏன் புத்தகம் மாதிரியே இருக்கின்றன? உப்பு ஆசை இருப்பவருக்கு நேட்ரம் மூர் கொடுக்கிறார்கள். பிறகு நேட்ரம் மூர் கொடுத்தவர்களின் கோப்பை எடுத்தால் எல்லாருக்கும் உப்பு ஆசை இருக்கிறது. வேறு எப்படி இருக்கும்? தேர்ந்தெடுத்த அளவுகோலையே முடிவாகப் படிக்கிறீர்கள். புத்தகமும் இந்த வட்டத்துக்குள் இருக்கிறது. 1879 முதல் 1891 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ஹெரிங்கின் வழிகாட்டும் குறிகள் என்ற நூலில், ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தபோது வந்த குறிகளோடு, நோயாளியிடம் இருந்து மருந்துக்குப் பின் மறைந்த குறிகளும் சேர்ந்தே இருக்கின்றன. வரலாறு புத்தகத்துக்குள் போகிறது, புத்தகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கிறார்கள், அது அடுத்த வரலாறாகிறது.

இந்த வட்டத்தை உங்கள் துறைக்குள்ளேயே சிலர் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் லெக்ஸ் ரூட்டனும் அவரோடு சேர்ந்தவர்களும் குறிகளை வைத்து மருந்து தேடும் நூலான ரெப்பர்ட்டரியில் உள்ள ஆறு குறிகளை எடுத்துக்கொண்டு, என்ன மருந்து கொடுப்பது என்று தெரியும் முன்பே வருகிற எல்லா நோயாளிகளிடமும் அவற்றைக் கேட்டுப் பதிவு செய்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி வரும் உதட்டுக் கொப்புளம், தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, ஓயாமல் பேசுவது எல்லாம் அந்த ஆறில் உண்டு. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: இந்த மருந்தில் நன்றானவர்களிடம் இந்தக் குறி, மற்ற எல்லாரிடமும் இருப்பதைவிட எத்தனை மடங்கு அதிகம்?

கணக்கு எளிது. எண்கள் உதாரணத்துக்காக நானே வைத்தவை. நேட்ரம் மூரில் நன்றானவர்கள் 40 பேர், அதில் 20 பேருக்கு உப்பு ஆசை, அதாவது 50 சதவீதம். மற்ற மருந்து வாங்கிய 400 பேரில் 80 பேருக்கு உப்பு ஆசை, 20 சதவீதம். 50ஐ 20ஆல் வகுத்தால் 2.5. நூற்றுக்கு ஐந்து பேருக்கு அந்த மருந்து சரிப்படும் என்று வைத்தால், உப்பு ஆசை இருப்பவருக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டாகும். அவ்வளவுதான் அந்தக் குறியின் பலம், அதுவும் இந்த எண்கள் சரியாக இருந்தால். மற்ற 400 பேரிடமும் 50 சதவீதம் இருந்தால் பலம் பூஜ்யம், கோப்பில் பதினொன்றுக்குப் பதினொன்று இருந்தாலும் சரி.

இந்தக் கணக்குக்கூட "நன்றானவர்கள்" என்பதை நம்பித்தான் நிற்கிறது. தலைவலி தானாக ஏறும், தானாக இறங்கும். ஆட்கள் மருத்துவரைத் தேடி வருவது வலி உச்சியில் இருக்கும்போது, அங்கிருந்து அது இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் பெயரை மருந்துக்கு எழுதிவிடுவது எங்கள் துறையிலும் நடந்திருக்கிறது. அதனால்தான் ஒப்பிட ஒரு குழு வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம்.

மூன்றாமாண்டு_மாணவி:

இருவருக்கும் நன்றி. இரண்டு நாள் எடுத்துக்கொண்டு நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மடித்த பக்கச் சோதனையில் என் தோழி 20 கோப்புகள் கலந்து கொடுத்தாள். கோப்பில் இருக்கும் மருந்து என் மூன்றில் ஒன்றாக வந்தது 9 தடவை. எழுதியவரின் சொற்களை மட்டும் படித்தால் உடனே பிடித்துவிடுகிறேன், நோயாளியின் சொற்களை மட்டும் படித்தால் தடுமாறுகிறேன். எழுதியவர் ஏற்கனவே மருந்தை முடிவு செய்துவிட்டு எழுதுவதால்தான் இப்படி என்று நினைக்கிறேன்.

அப்புறம் உப்பு. என் பதினொன்றில் 9 பேருக்கு உப்பு ஆசை என்று இருக்கிறது. சரி, மற்றவர்களைப் பார்ப்போம் என்று வேறு மருந்து வாங்கிய 30 பேரின் கோப்பை எடுத்தேன். அதில் 4 பேரிடம்தான் உப்பைப் பற்றிக் கேட்டதற்கே அடையாளம் இருக்கிறது. மற்ற 26 கோப்பில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இல்லை என்று எழுதவில்லை, கேட்கவே இல்லை. அதாவது நேட்ரம் மூர் மனதில் ஓடியபோது மட்டும் உப்பைக் கேட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கோப்பை மூடி வைத்துவிட்டேன். இந்த வெறும் கட்டங்களை வைத்துக்கொண்டு அந்த வகுத்தலை எப்படிப் போடுவது?

ஜன்னலோரம்:

நான் மருத்துவர் இல்லை, மாணவியும் இல்லை. இந்த உரையாடலைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நான் ஒரு நேட்ரம் மூர் வரலாறு.

14 வருடமாக ஒற்றைத் தலைவலி. ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் போனேன், ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். இரண்டு மாதத்தில் தலைவலி பாதியாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்து என் வரலாற்றை ஒரு கருத்தரங்கில் பெயர் இல்லாமல் படிக்கலாமா என்று கேட்டார், சரி என்றேன், பிரதி ஒன்று கொடுத்தார்.

படித்தபோது அது என் கதை போலவும் இருந்தது, யாரோ ஒருவருடையது போலவும் இருந்தது. "தந்தையின் மறைவுக்குப் பின் தொடங்கிய தலைவலி" என்று ஆரம்பித்திருந்தது. அப்பா இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குத் தலைவலி உண்டு, அதையும் நான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அப்பாவின் நினைவு நாள் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் அவரைப் பற்றியே நிறையப் பேசிவிட்டேன். நான் பேசிய நேரத்தை வைத்து அவர் அதைக் காரணமாக எழுதிவிட்டார் போலிருக்கிறது. நான் சொன்ன இன்னொன்று பிரதியில் இல்லவே இல்லை. அப்போது மாதத்தில் இருபது நாளாவது வலி மாத்திரை போடுவேன், பையில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும், வலி வரும்போல இருந்தாலே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வேன். இந்த மருந்து எடுக்கும்போது அதையெல்லாம் நிறுத்திவிடுங்கள் என்றார், நிறுத்தினேன். முதல் வாரம் அதுவரை பார்க்காத வலி, வாந்தி, இரண்டு நாள் இருட்டறையில் கிடந்தேன். தொலைபேசியில் சொன்னபோது, பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது என்றார். பிரதியிலும் அது முக்கியமான வரியாக இருந்தது: ஆரம்ப அதிகரிப்பு, பிறகு படிப்படியாகக் குறைவு.

நான் குறை சொல்ல எழுதவில்லை. மாத்திரையை விட்டதற்கும் வலி குறைந்ததற்கும் தொடர்பு இருக்குமோ என்று பல நாளாக ஒரு எண்ணம். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இங்கே கேட்கலாமா?

தரவு_மேசை:

தாராளமாகக் கேட்கலாம், நேரில் பார்க்காமல் உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்ல முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாத்திரைகளாலேயே வரும் தலைவலி என்று ஒன்று உண்டு, நன்கு அறியப்பட்டது. ஏற்கனவே தலைவலி உள்ளவர்கள் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேலும், ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையையோ கலவை மாத்திரைகளையோ 10 நாள் அல்லது அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவழைக்கத் தொடங்கும். நிறுத்தினால் முதலில் சில நாள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், வலி கடுமையாகும், குமட்டல் வரும், தூக்கம் கெடும். பிறகு அடுத்த சில வாரங்களில் நிறையப் பேருக்கு வலி நாட்கள் குறையும்.

நீங்கள் எழுதியதோடு வைத்துப் பாருங்கள். முதலில் ஏற்றம், பிறகு படிப்படியாக இறக்கம். ஒரே வளைகோடு, ஒருவர் அதற்கு மருந்தின் ஆரம்ப அதிகரிப்பு என்று பெயர் வைக்கிறார், இன்னொருவர் மாத்திரை விட்டதன் விளைவு என்கிறார். மாத்திரை எண்ணிக்கை கோப்பில் இருந்தால்தான் இரண்டையும் பிரித்துப் பேசவே முடியும், அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் படிப்பவருக்கு ஒரே விளக்கம்தான் மிஞ்சும். உங்கள் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னது நல்ல யோசனையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதிக நாள் போட்ட மாத்திரையை, குறிப்பாக ஓபியாய்டு அல்லது தூக்க மருந்து கலந்ததை, யாரும் தானாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், மருத்துவர் பார்வையில் செய்ய வேண்டும். இப்போது தலைவலியின் தன்மை மாறினாலோ, திடீரென்று இதுவரை இல்லாத கடுமையில் வந்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ, பார்வையோ பேச்சோ குழம்பினாலோ எந்த மருந்துக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாணவிக்கு: வெறும் கட்டங்களை "இல்லை" என்று எண்ணாதீர்கள். அப்படி எண்ணினால் உப்புக்கு இல்லாத பலம் வந்துவிடும். கேட்ட 4 பேரை மட்டும் வைத்து வகுக்கவும் முடியாது, ஏனென்றால் அவர்களிடம் ஏன் கேட்டார்கள் என்பதே ஒரு தேர்வு. இந்தக் கோப்புகளிலிருந்து அந்த எண் கிடைக்காது என்று எழுதுங்கள். 26 என்ற எண்ணையும் எழுதுங்கள், உங்கள் கட்டுரையில் மிகத் திடமான எண் அதுதான்.

பழைய_குறிப்பேடு:

ஜன்னலோரம் அம்மாவுக்கு முதலில் ஒரு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய குறிப்பேடுகளில் தலைவலிக்காரர்களை எடுத்துப் பார்த்தேன். வலி மாத்திரை போடுவார் என்று எழுதியிருக்கிறேன், எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கிறது. நான் பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வரலாற்றிலும் இல்லை. அந்த நோயாளி இன்றும் தொடர்பில் இருக்கிறார், கேட்டுவிட்டேன். "தினமும் போட்டுக்கிட்டுத்தானே இருந்தேன், நீங்க நிறுத்தச் சொன்னப்புறம்தான் விட்டேன்" என்றார். அந்த வரலாற்றை இனி நேட்ரம் மூர் பாடமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

தரவு மேசை சாரோடு எனக்கு எல்லாவற்றிலும் உடன்பாடு இல்லை, அது இருக்கட்டும். இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நான்.

மாணவிக்கு இரண்டு கருவிகள் சொல்கிறேன், இனி எழுதப்போகிற வரலாறுகளுக்கு. நோயாளி வரலாற்றை எப்படி அறிக்கையாக்குவது என்று 2013இல் கேர் என்ற வழிகாட்டி வந்தது, எல்லா மருத்துவத்துக்கும் பொது. அதை ஒட்டி ஹோமியோபதிக்கென்று 2016இல் ஹோம்-கேஸ் என்று ஒரு சேர்க்கை வந்தது. இன்னொன்று, மருந்தின் பக்கவிளைவை மருந்தோடு முடிச்சுப் போடலாமா என்று பார்க்க 1981இல் நரஞ்சோ வகுத்த கேள்விகளைத் திருத்தி, நோய் குறைந்ததை மருந்தோடு முடிச்சுப் போடலாமா என்று பார்க்கும் கேள்விகளாக ஆக்கியிருக்கிறார்கள். அதில் மருந்தைத் தவிர இந்த மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்று ஒரு கேள்வி உண்டு. அதை மட்டுமாவது உங்கள் பதினொன்றிலும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப அதிகரிப்பு வந்ததா என்றும் அதில் ஒரு கேள்வி வரும், வந்திருந்தால் மதிப்பெண் கூடும். இந்த அம்மாவின் அனுபவத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு மதிப்பெண் போடும்முன் நான் மாத்திரைக் கணக்கைக் கேட்பேன்.

மூன்றாமாண்டு_மாணவி:

ஜன்னலோரம் அக்கா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். மிக்க நன்றி.

பதினொன்றில் 6 பேர் தலைவலிக்கு வந்தவர்கள். வலி மாத்திரை பற்றி 2 கோப்பில் இருக்கிறது, எத்தனை நாள் என்று ஒன்றில்கூட இல்லை. அந்த ஆறில் ஒருவரான அழுத பெண்மணியின் கோப்பை மறுபடி எடுத்தேன். மூன்றாம் வருகையின் ஓரத்தில் சின்ன எழுத்தில், இரத்த அழுத்த மாத்திரையை அவருடைய மருத்துவர் மாற்றிக் கொடுத்திருப்பதாக ஒரு வரி இருக்கிறது. பீட்டா பிளாக்கர் வகை. அதில் சிலவற்றை ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள் என்று மருந்தியலில் படித்திருக்கிறோம். மருந்தின் பெயர் தெளிவாக இல்லை, அதனால் அதுதான் காரணம் என்று எழுத மாட்டேன், ஆனால் அந்த வரியை அப்படியே கட்டுரையில் எடுத்து எழுதப்போகிறேன். பல்சட்டில்லாவா நேட்ரம் மூரா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கோப்பு அது.

எங்கள் ஆசிரியரிடம் 26 வெறும் கட்டங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, வெளிநோயாளிப் பதிவுத் தாளில் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க ஒரு பக்கம் சேர்க்கலாம், கேள்விகளை நீயே எழுதிக் கொண்டு வா என்றார். உப்பு, ஆறுதல், வெயில், உதட்டுக் கொப்புளம், அப்புறம் வலி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள், வேறு மருந்து எப்போது மாறியது என்று ஆறு எழுதியிருக்கிறேன். "உப்பு" கேள்வியை உப்பு என்ற சொல் வராமல் எழுதத்தான் இன்னும் முடியவில்லை. குறிப்பேடு சார் சொன்ன "எது குறைந்தால் உடனே தெரியும்" என்பதையே போடலாமா, இல்லை இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம் என்று நாலையும் வரிசையாகக் கொடுத்து அவரையே எண் போடச் சொல்லலாமா?

தரவு_மேசை:

முதலில் திறந்த கேள்வி, பதிலை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அதற்கு அடியில் நாலையும் வரிசையாக. இரண்டு பதிலும் தனித்தனிக் கட்டத்தில். கேட்டவர் கையெழுத்தும், மருந்து எழுதும் முன் நிரப்பியதா பின் நிரப்பியதா என்பதும் ஒரு கட்டம்.